மூன்று மானிட்டர், ஒரு சிஸ்டம்: சிறு ஆபீஸுக்குக் குறைந்த செலவில் கட்டும் முறை

விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி மாதாமாதம் 14-ம் தேதி வந்துவிடும். மாதத் தாக்கல் செய்பவர்கள் 20-ம் தேதிக்குள் 3பி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். நடுவில் கிடைக்கும் ஒரு சில நாளில் கொள்முதல் பில், டேலி கணக்கு மென்பொருளில் ஏற்றிய பதிவு, 2பி மூன்றையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் ஆடிட்டர் ஆபீஸ் பிள்ளைகள். ஒரே மானிட்டரில் ஜன்னல் மாற்றி மாற்றிப் பார்க்கும்போது கண் ஒரு வரி தவறினால் போதும், உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) ஒரு பில்லுக்குக் குறைந்துவிடும். மூன்று மானிட்டர் இங்கே ஆடம்பரம் இல்லை.

இப்படிச் சில ஆபீஸ்களுக்கு நான் சிஸ்டம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். தாங்களே வாங்கி வந்து பாதியில் நின்றுபோனவர்களுடன் உட்கார்ந்து சரிசெய்தும் இருக்கிறேன். அவர்கள் எல்லோரும் தடுக்கிய இடம் ஒன்றுதான்: பிராசஸரை முதலில் வாங்கிவிட்டு, மானிட்டரைக் கடைசியில் யோசித்தார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் மானிட்டர், அடுத்து அதன் முதுகில் உள்ள போர்ட் (கேபிள் சொருகும் இடம்), பிறகு அதற்கேற்ற மதர்போர்டு, அதன்பிறகுதான் பிராசஸர்.

1. மேஜையை அளந்துகொள்ளுங்கள்

22 அங்குல மானிட்டர் ஒன்று விளிம்போடு சேர்த்துச் சுமார் 50 சென்டிமீட்டர் அகலம். 24 அங்குலம் என்றால் 54. நம் ஆபீஸ்களில் அதிகம் காணப்படும் 4 அடி மேஜை 122 சென்டிமீட்டர்தான். அதில் இரண்டு வசதியாக நிற்கும், மூன்று வரிசையாக நிற்காது.

இரண்டைப் படுக்கையாகவும் ஒன்றைச் செங்குத்தாகவும் வைத்தால் ஏறக்குறைய 130 சென்டிமீட்டர். ஓரத்து மானிட்டர்களை உட்பக்கம் லேசாகத் திருப்பினால் நாலரை அடி மேஜையில் அடங்கும். ஸ்கேன் செய்த பில் பார்க்கச் செங்குத்து மானிட்டர் மிக நல்லது, ஏ4 பக்கம் முழுதாகத் தெரியும். ஆனால் விலை குறைந்த மானிட்டர்களின் ஸ்டாண்ட் திரும்பாது. பின்பக்கம் 75 அல்லது 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு திருகுத் துளைகள் இருந்தால் தனியாக ஒரு மானிட்டர் ஆர்ம் வாங்கி மாட்டலாம். அந்தத் துளை இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள்.

2. மானிட்டரை முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்றும் ஒரே மாடலாக இருக்கட்டும். முடியாவிட்டால் அளவும் ரெசல்யூஷனுமாவது (திரையின் புள்ளி எண்ணிக்கை) ஒன்றாக இருக்கட்டும். ஒன்று 19 அங்குலம், ஒன்று 24 என்று கலந்து வைத்தால் ஒரு திரையில் எழுத்து பெரிதாகவும் அடுத்ததில் சிறிதாகவும் இருக்கும். மவுஸ் எல்லையைக் கடக்கும்போது துள்ளும். நாள் முழுக்க எண் பார்ப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை.

ரெசல்யூஷன் 1920×1080 போதும். பேனல் ஐபிஎஸ் ஆக இருக்கட்டும். ஓரத்து மானிட்டரைச் சாய்வாகப் பார்க்கும்போது நிறம் மங்காமல் இருக்க இது வேண்டும்.

இனி முக்கியமான வேலை. மானிட்டரின் பின்பக்கத்தில் என்னென்ன போர்ட் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். குறைந்த விலை மானிட்டர்களில் பெரும்பாலும் எச்டிஎம்ஐ ஒன்று, விஜிஏ ஒன்று. டிஸ்ப்ளே போர்ட் இருக்காது. மதர்போர்டிலோ எச்டிஎம்ஐ பொதுவாக ஒன்றுதான் இருக்கும். மூன்று மானிட்டரிலும் எச்டிஎம்ஐ, சிஸ்டத்தில் ஒரே ஒரு எச்டிஎம்ஐ. எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

3. போர்ட் கணக்கு

நான் தாளில் இப்படி இரண்டு பத்தி போடுவேன். இடது பக்கம் மானிட்டர்கள், வலது பக்கம் மதர்போர்டின் போர்ட்கள், நடுவில் எந்தக் கேபிள் என்று. மூன்று கோடும் முழுதாகப் போடமுடிந்தால்தான் கடைக்குக் கிளம்புவேன்.

எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட், விஜிஏ மூன்றும் உள்ள மதர்போர்டு என்றால் கணக்கு இது:

முதல் மானிட்டர்: எச்டிஎம்ஐயில் இருந்து எச்டிஎம்ஐக்கு. சாதாரணக் கேபிள்.

இரண்டாவது: டிஸ்ப்ளே போர்ட்டில் இருந்து எச்டிஎம்ஐக்கு மாறும் கேபிள். இது ஒருவழிப் பாதை. டிஸ்ப்ளே போர்ட் முனை சிஸ்டத்திலும் எச்டிஎம்ஐ முனை மானிட்டரிலும் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் படம் வராது. பலர் கேபிள் கெட்டுவிட்டது என்று கடையில் திருப்பிக் கொடுக்க நிற்பது இதனால்தான்.

மூன்றாவது: விஜிஏ. இது அனலாக் என்பதால் எழுத்து கொஞ்சம் மென்மையாகத் தெரியும். அதனால் குறைவாகப் படிக்கும் திரையை இதில் மாட்டுங்கள். மெயில், வாட்ஸ்அப் வெப் போன்றவை இங்கே இருக்கட்டும். எக்ஸெல்லை இங்கே வைக்காதீர்கள்.

எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் வாங்காதீர்கள். ஒரு எச்டிஎம்ஐயை இரண்டாக்கும் அந்தப் பெட்டி ஒரே படத்தை இரண்டு திரையிலும் காட்டும். வகுப்பறைக்கு அது சரி. தனித்தனித் திரையாக விரிக்க அதனால் முடியாது. நான் போய்ப் பார்த்த ஆபீஸ்களில் அதிகம் கண்ட வீண் செலவு இதுதான்.

யூஎஸ்பி வழியாக மானிட்டர் இணைக்கும் டிஸ்ப்ளேலிங்க் அடாப்டர் வேலை செய்யும். ஆனால் படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலை பிராசஸர் தலையில் விழும், தனி டிரைவரும் வேண்டும். வேறு வழியே இல்லாத பழைய சிஸ்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. மதர்போர்டு: போர்ட் எண்ணிக்கை வேறு, வரம்பு வேறு

பின்பக்கம் மூன்று போர்ட் இருப்பதால் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும் என்று சொல்ல முடியாது. மதர்போர்டின் முக்கியச் சில்லான சிப்செட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. எச்610 சிப்செட்டில் மூன்று திரை. பி660, பி760 சிப்செட்டில் நான்கு. அதற்கு முந்தைய எச்410, எச்510 மதர்போர்டுகளில் மூன்று போர்ட் இருந்தாலும் ஒரு நேரத்தில் இரண்டுதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஸ்டாக் வாங்கியவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றாவது மானிட்டரை மாட்டியதும் முதலாவது அணைந்துவிடும், காரணம் புரியாமல் ஒரு நாள் போய்விடும்.

ஆகவே மூன்று மானிட்டருக்கு எச்610 போதும். ஆனால் எச்610 என்ற பெயரிலேயே விஜிஏவும் எச்டிஎம்ஐயும் மட்டும் உள்ள மாடல்களும் விற்கின்றன. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்பார். பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்ட பின்பக்கப் படத்தை உங்கள் கண்ணால் பார்த்து எண்ணுங்கள்.

ராமில் (தற்காலிக நினைவகம்) டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு வகை, இரண்டுக்கும் தனித்தனி எச்610 மதர்போர்டுகள் உண்டு. ஒன்றின் ராம் மற்றதில் பொருந்தாது. இரண்டின் விலையையும் ராமோடு சேர்த்துக் கேட்டு, மொத்தம் எது குறைவோ அதை எடுங்கள். ஆபீஸ் வேலைக்கு வேகத்தில் வித்தியாசம் உணரமாட்டீர்கள்.

5. பிராசஸர்: கடைசி எழுத்தைப் படியுங்கள்

இன்டெல் ஐ3-12100, 13100, 14100 இந்த மூன்றில் எது விலை குறைவாகக் கிடைக்கிறதோ அது. மூன்றிலும் நான்கு கோர், எட்டு திரெட், திரைக்குப் படம் உருவாக்கும் யூஎச்டி 730 கிராபிக்ஸ். அந்த கிராபிக்ஸ் நான்கு திரை வரை தாங்கும். டேலி, எக்ஸெல், முப்பது டேப் திறந்த குரோம் எல்லாவற்றுக்கும் இது தாராளம். ஐ5-க்குப் போடும் பணத்தை மானிட்டரில் போடுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் கிராபிக்ஸே கிடையாது. 12100எஃப் சில நூறு ரூபாயோ அதற்கு மேலோ குறைவாக இருக்கும். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் அதை வாங்கிவந்து, எல்லாம் மாட்டி, மின்விசிறி சுற்றுகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது என்று ராத்திரி போன் செய்தார். மிச்சம் பிடித்ததைவிட அதிகம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போனது. ஏஎம்டியிலும் இதே கதைதான். ரைசன் 5 5600ஜி-யில் கிராபிக்ஸ் உண்டு, 5600-லும் 5500-லும் இல்லை. மதர்போர்டில் எச்டிஎம்ஐ இருக்கிறதே என்று நம்பக்கூடாது. அந்த போர்ட்டுக்குப் படம் தருவது பிராசஸர்.

14100 வாங்கினால் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மதர்போர்டின் பயாஸ் இந்த பிராசஸருக்கு அப்டேட் ஆகியிருக்கிறதா?" பயாஸ் என்பது சிஸ்டத்தைக் கிளப்பும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருள். 2022-ல் வந்த எச்610 ஸ்டாக் கடையில் இன்னும் இருக்கலாம். அது 12-ம் தலைமுறையை (12100) மட்டும் அறியும், 14100-ஐப் போட்டால் கிளம்பாது. கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

சீல் வைத்த பெட்டியில் வரும் பிராசஸரையே கேளுங்கள். ட்ரே பிராசஸர் என்று உதிரியாக விற்பதில் பெரும்பாலும் கூலர் (குளிர்விக்கும் விசிறி) இருக்காது, வாரண்டியும் குறைவு. பெட்டி பிராசஸருக்கு இன்டெல் 3 வருட வாரண்டி உண்டு. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஆபீஸின் ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேட்டு வாங்குங்கள். பாகங்களுக்கு 18 சதவீத வரி. உள்ளீட்டு வரி வரவு எடுக்கத் தகுதியுள்ள ஆபீஸுக்கு அது திரும்பக் கிடைக்கும். பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும், வாரண்டிக்குப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

6. ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ்

ராம் 16 ஜிபி. ஒரே 16 வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்தில் திரைகளுக்கான நினைவகமும் இந்த ராமில் இருந்துதான் போகிறது. இரண்டு துண்டு போட்டால் பாதை இரட்டிப்பாகும், மூன்று திரையிலும் ஜன்னல்கள் தயங்காமல் நகரும்.

ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்இ (மதர்போர்டிலேயே திருகும் வகை). இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை.

சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்-இல் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கேபினெட்டுடன் இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்-இன் ஸ்டிக்கரில் 450 வாட் என்று போட்டிருப்பதை நம்பி ஆபீஸ் கணக்கை அதன்மேல் வைக்கக்கூடாது. இந்த சிஸ்டத்துக்குத் தேவை மிகக் குறைவு, 12100 உச்சத்தில் இழுப்பதே 89 வாட். எனவே பெரிய வாட் தேவையில்லை. மின் சிக்கனத்துக்கான 80 பிளஸ் முத்திரையுள்ள, வாரண்டி தரும் கம்பெனியின் 450 வாட் போதும்.

7. மின்சாரத்தைச் சரிபார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறதா? அப்படியென்றால் அந்தப் பிளக்கில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் கசியும் சிறு மின்சாரத்தை எர்த் கம்பி வழியாக வெளியேற்ற வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் உடம்பிலேயே அது நிற்கும். அந்த நிலையில் மானிட்டர் கேபிளைச் சொருகினால் முதலில் தொடும் பின் வழியே அந்த மின்சாரம் பாயும், எச்டிஎம்ஐ போர்ட் செத்துப்போகலாம். மூன்று மானிட்டர் என்றால் ஆபத்தும் மூன்று முறை.

எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரிசெய்த பிறகே தொடருங்கள். சிஸ்டமும் மூன்று மானிட்டரும் ஒரே யூபிஎஸ்ஸில், ஒரே எர்த்தில் இருக்கட்டும். கேபிள் சொருகும்போது எல்லாமே ஆஃப்.

600 விஏ யூபிஎஸ் போதுமா என்று கேட்பார்கள். 22 அங்குல எல்இடி மானிட்டர் ஒன்று சுமார் 20 வாட். சிஸ்டத்தோடு சேர்த்து ஆபீஸ் வேலையில் 150 வாட்டைத் தாண்டுவது அரிது. கரண்ட் போனால் சேமித்துவிட்டு மூட நேரம் கிடைக்கும். லேசர் பிரிண்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். அதன் சூடேற்றும் உருளை திடீரென்று பல நூறு வாட் இழுக்கும், யூபிஎஸ் அலறி அணைந்துவிடும், திறந்திருந்த டேலியும் அதோடு போகும்.

8. கோத்தல்

மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் மதர்போர்டை வையுங்கள். கேபினெட்டுக்குள் போகும் முன் வெளியிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்காக. பழுது இருந்தால் பத்துத் திருகைக் கழற்றும் வேலை மிச்சமாகும்.

பிராசஸர்: இந்த இன்டெல் சாக்கெட்டில் பின்கள் மதர்போர்டில் இருக்கின்றன, விரல் படக்கூடாது. பிராசஸர் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டில் உள்ள முக்கோணத்துடன் பொருத்தி, அழுத்தாமல் வையுங்கள். நெம்புகோலை மூடும்போது பலம் வேண்டியிருக்கும், பயப்படாதீர்கள். பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வரும். அதைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள். மதர்போர்டு வாரண்டிக்குப் போனால் அந்த மூடி இல்லாமல் வாங்க மறுப்பார்கள்.

கூலர்: பெட்டியுடன் வருவதில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவியே இருக்கும். நான்கு கால்களையும் எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். பக்கத்துப் பக்கத்துக் காலாக அழுத்தினால் ஒருபுறம் தூக்கிக்கொள்ளும். மதர்போர்டைத் திருப்பிப் பார்த்து நான்கும் முழுதாக வெளியே வந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். "அரை மணி நேரத்தில் சிஸ்டம் மெதுவாகிறது" என்ற புகாருக்குப் பாதி நேரம் காரணம் சரியாக அமராத ஒரு கால்.

ராம் இரண்டையும் க்ளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். எஸ்எஸ்டியைத் திருகுங்கள். எஸ்எம்பிஎஸ்-இன் 24 பின் ஒயர், பிராசஸருக்கான 8 பின் ஒயர், கூலர் ஒயர் மூன்றையும் மாட்டி, ஒரே ஒரு மானிட்டரை எச்டிஎம்ஐயில் இணைத்து, பவர் ஸ்விட்ச்சுக்கான இரண்டு பின்னை ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கணம் தொடுங்கள். பயாஸ் திரை வந்தால் சரி. அணைத்துவிட்டுக் கேபினெட்டுக்குள் போகலாம். பின்பக்கத் தகட்டை மதர்போர்டுக்கு முன்பே கேபினெட்டில் பொருத்த வேண்டும். மறந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

9. விண்டோஸ்: ஒரு மானிட்டருடன் மட்டும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடுங்கள். அது முடியும்வரை ஒரு மானிட்டர் மட்டும் இணைந்திருக்கட்டும். மூன்றையும் மாட்டிவைத்தால் நிறுவும் திரை எதில் வரும் என்று சொல்லமுடியாது. தலைதிரும்பிய செங்குத்து மானிட்டரில் வந்தால் படிக்கவே முடியாது.

விண்டோஸ் போட்டு முடித்ததும் மூன்று மானிட்டரையும் மாட்டுவார்கள். இரண்டில் ஒரே படம் வரும், அல்லது ஒன்று மட்டும் தெரியும். உடனே கேபிளைக் குறை சொல்வார்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். அங்கே "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் இன்னும் ஏறவில்லை. அந்த அடிப்படை டிரைவருக்குத் திரையை விரிக்கத் தெரியாது. மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் இருந்தோ இன்டெல் தளத்தில் இருந்தோ டிரைவரை ஏற்றி, ரீஸ்டார்ட் செய்துவிட்டு அடுத்த மானிட்டரை மாட்டுங்கள். ஒவ்வொன்றாக. அப்போதுதான் எது தகராறு செய்கிறது என்று தெரியும்.

10. திரைகளை ஒழுங்குபடுத்துதல்

விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி எக்ஸ்டெண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே. ஐடென்டிஃபை அழுத்தினால் ஒவ்வொரு திரையிலும் எண் வரும். மேஜையில் எப்படி நிற்கின்றனவோ அதே வரிசையில் அந்தக் கட்டங்களை இழுத்து வையுங்கள். மேல் விளிம்புகள் ஒரே கோட்டில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மவுஸ் எல்லையில் முட்டி நிற்கும்.

நடுத் திரையைத் தேர்ந்தெடுத்து அதை முதன்மைத் திரையாக்குங்கள். டேலி அதில் திறக்கும், கழுத்து ஒருபக்கமே திரும்பி வலிக்காது. ஜன்னலை அடுத்த திரைக்கு அனுப்ப விண்டோஸ், ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். ஆபீஸ் பிள்ளைகளுக்கு இந்த ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள், இழுத்துக்கொண்டே திரியமாட்டார்கள்.

டிஸ்ப்ளே போர்ட்டில் இணைந்த மானிட்டரைப் பட்டன் அழுத்தி அணைத்தால், பெரும்பாலும் விண்டோஸ் அது கழற்றப்பட்டது என்றே எடுத்துக்கொண்டு ஜன்னல்களை மற்ற திரைக்குத் தள்ளிவிடும். சாப்பிடப் போகும்போது பட்டனைத் தொடாமல் கம்ப்யூட்டரை லாக் செய்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். திரை தானாக உறங்கும்.

11. நான்காவது மானிட்டர் கேட்டால்

எச்610-இன் வரம்பு மூன்று. நான்காவதுக்கு ஒரு சிறு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். ஜிடி 710 இன்னும் விற்கிறார்கள், வேண்டாம். 2014-ல் வந்த கார்டு அது. வழக்கமான டிரைவர் அப்டேட் வருவது 2021-லேயே நின்றுவிட்டது. ஜிடி 1030-இல் பெரும்பாலும் இரண்டு போர்ட்தான், ஆனால் ஏற்கெனவே உள்ள மூன்றோடு சேர்க்க அது போதும். புதிதாக வாங்குவதென்றால் என்விடியா டி400 நல்ல தேர்வு: மூன்று மினி டிஸ்ப்ளே போர்ட், தனி பவர் ஒயர் வேண்டாம். மினி டிஸ்ப்ளே போர்ட்டில் இருந்து எச்டிஎம்ஐக்கு மாறும் கேபிள்களையும் சேர்த்தே வாங்குங்கள்.

கார்டைப் போட்டதும் மதர்போர்டில் மாட்டிய மானிட்டர்கள் எல்லாம் கருப்பாகிவிடும். பயப்பட வேண்டாம். கார்டைப் பார்த்ததும் பல மதர்போர்டுகள் பிராசஸரின் கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடுகின்றன. மானிட்டர் ஒன்றைக் கார்டில் மாட்டி, பயாஸுக்குள் போய், ஐஜிபியூ மல்டி மானிட்டர் அல்லது இன்டர்னல் கிராபிக்ஸ் என்று இருப்பதை எனேபிள் செய்து சேமியுங்கள். எல்லாத் திரையும் திரும்பி வரும்.

எல்லாம் சரியாக ஓடியபின் ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் எண் எழுதிய ஒட்டுத்தாள் சுற்றிவிட்டு, பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவையுங்கள். ஆயுத பூஜைக்கு மேஜையைத் துடைக்க எல்லாக் கேபிளையும் பிடுங்குவார்கள், மறுநாள் காலை அந்தப் படத்தைத்தான் தேடுவார்கள்.